பெற்றோரை வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் அனுப்புவது: தோட்டத்துக் குடும்பங்களுக்கு எந்த விசா பொருந்தும்?

பதிவு 1 | சிப்புட்டில் தங்கியவள்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்து வெளிநாடுகளில் குடியேறியவர்கள் பலர் இங்கே வாசிக்கிறீர்கள் என்பதால் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு 71. அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக, இருந்தவர்; அம்மா பால்மரக் காலத்தில் பால் வெட்டியவர், செம்பனை வந்த பிறகு களைக்கொல்லி தெளிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டவர். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தபின் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு மலிவு விலை வீட்டை வாங்கி அங்கேயே இருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பிள்ளைகள். மூத்தவர் பெர்த்தில் ஆஸ்திரேலியக் குடிமகன். அடுத்தவள் நான், இங்கேயே ஆசிரியை. மூன்றாமவர் மெல்பர்னில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். நான்காமவள் சிங்கப்பூரில் தாதி, நிரந்தரவாசி. கடைசித் தம்பி மான்செஸ்டரில் வேலை விசாவில் இருக்கிறான்.

அப்பாவுக்கு நீரிழிவு முற்றி, சிறுநீரகச் செயல்பாடு குறைந்துகொண்டே வருகிறது. இனி இருவரும் தனியாக இருக்க வேண்டாம் என்று பெர்த் அண்ணன் சொல்கிறார். பக்கத்திலுள்ள சிங்கப்பூர் இருக்க ஆஸ்திரேலியா எதற்கு என்கிறாள் தங்கை. இவை எல்லாவற்றையும் நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறவள் நான்தான் என்பதால் எனக்கு வேண்டியது விருப்பங்கள் அல்ல, விதிகள். உண்மையில் திறந்திருக்கும் வழி எது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | பெர்த்வாசி

உங்கள் அண்ணனின் ஊரிலேயே நானும் இருப்பதால் ஆஸ்திரேலியாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிரந்தரப் பெற்றோர் விசா என்று பேசும்போது இரண்டு வரிசைகள் உண்டு. கட்டணம் குறைந்த 103ஆம் பிரிவில் இன்று விண்ணப்பித்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று உள்துறையே தன் இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறது. 74 வயதுக்காரரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? 2023இல் வெளியான குடிநுழைவு மறுஆய்வு அறிக்கையே, பெரும்பாலும் கிடைக்கவே போகாத விசாவுக்கு மக்களை விண்ணப்பிக்க விடுவது கொடுமை என்ற பொருள்பட எழுதியது. இரண்டாவது, பணம் கட்டிப் பெறும் 143ஆம் பிரிவு. இதில் இரண்டாம் தவணைக் கட்டணம் மட்டும் ஒருவருக்கு 43,600 ஆஸ்திரேலிய டாலர், இருவருக்கு 87,200. மலேசியப் பணத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வெள்ளி. அதற்கு மேல், அரசு நிதியுதவிக்கு வந்து நிற்க மாட்டார்கள் என்பதற்குப் பிள்ளைகள் பத்தாண்டுக்கு உத்தரவாதம் தந்து வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். பெற்றோர் விசாக்களுக்கான ஆண்டு ஒதுக்கீடு 2022-23இல் 8,500ஆக உயர்த்தப்பட்டும், 143இல் புதிதாக விண்ணப்பிப்பவர் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டிய நிலைதான் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 143 வாங்கித் தருகிறேன் என்று யாராவது முகவர் சொன்னால், அவர் ஆஸ்திரேலியாவின் குடிநுழைவு முகவர் பதிவு அலுவலகத்தில் பதிந்தவர்தானா என்று முதலில் பாருங்கள்.

இந்த இரண்டுக்கும் முன்னால் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு எந்தத் தனி நாட்டில் இருப்பவர்களையும்விட ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் ஆஸ்திரேலியாவில் இருவர், மலேசியாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், பிரிட்டனில் ஒருவர். பாதி இல்லை, ஆனால் இரண்டாம் விதியில் தேறுகிறீர்கள். விண்ணப்பிப்பதற்கு முன்னரே உங்கள் தம்பி மான்செஸ்டரை விட்டு ஊர் திரும்பிவிட்டால் மலேசியாவிலும் இருவர் ஆகிவிடும். சமமாக இருந்தால் போதாது, அதிகமாக இருக்க வேண்டும், எனவே தேற மாட்டீர்கள். ஒரு மகன் வீடு திரும்புவது பெற்றோரின் விசாவைக் கெடுக்கும் என்பது விநோதமாகத்தான் இருக்கிறது.

ஆகவே நடைமுறையில் பெரும்பாலோர் போய்ச் சேருவது 870ஆம் பிரிவில், அதாவது பிள்ளையின் ஆதரவில் பெறும் தற்காலிகப் பெற்றோர் விசாவில். 2019இல் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ வாங்கலாம். எல்லாம் சேர்த்துப் பத்தாண்டு வரை. பிள்ளைகளை எண்ணும் சோதனை இதற்குக் கிடையாது. தொடங்கியபோது கட்டணம் மூன்று ஆண்டுக்கு 5,000 டாலர், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலர். அதன்பின் ஆண்டுதோறும் ஏறி வருகிறது. ஆதரவளிக்கும் பிள்ளை குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ நான்கு ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வரிக்குரிய வருமானம் 83,454 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வாழ்க்கைத் துணையின் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளை ஆதரவாளராக ஏற்கப்பட வேண்டும், அதன் பிறகே பெற்றோர் விண்ணப்பிக்க முடியும். பெற்றோர் வேலை செய்யக் கூடாது. தங்கும் காலம் முழுதும் தனியார் மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும்.

பதிவு 3 | ஏழில் ஒருவன்

எங்கள் வீட்டில் ஏழு பேர். இருவர் சிட்னியில், ஐவர் பேராக்கில். தோட்டத்தில் பிள்ளைகள் பெருகிய காலத்தில் இப்படி ஒரு சோதனை வரும் என்று யாருக்குத் தெரியும்? நிரந்தர விசாப் பேச்சை நாங்கள் அன்றோடு முடித்துக்கொண்டோம். என் அனுபவத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். 870இல் ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பெற்றோரைத்தான் ஆதரிக்கலாம். கணவனின் பெற்றோர் இருவரும் வந்துவிட்டால் மனைவியின் பெற்றோருக்கு அந்த வீட்டின் வழியாக இடமில்லை. எங்கள் அண்ணிக்குத் தாயார் மட்டும் இருக்கிறார். யாரை முதலில் அழைப்பது என்ற பேச்சை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் நேராக எடுக்கவில்லை.

பதிவு 4 | ஓய்வுபெற்ற கிராணி

விசாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் பத்திரங்களைப் பற்றிப் பேச வேண்டும். தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேரேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் மக்களின் விண்ணப்பங்கள் சிக்குவது வெளிநாட்டு அலுவலகங்களில் அல்ல, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் நெகிழிப் பையில்தான்.

முதலாவது திருமணம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்களின் திருமணம் சட்டப்படி செல்லும். ஆனால் கையில் சான்றிதழ் இருக்காது. அது செல்லும் என்று நமக்குத் தெரிந்தால் போதாது, ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காலத் திருமணங்களை இப்போதும் தேசியப் பதிவு இலாகாவில் விரும்பிப் பதிந்துகொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. பெற்றோர் இருவரும் நடமாடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஒருவர் படுக்கையில் விழுந்தபின் முகப்புக்கு அழைத்துச் சென்று கையொப்பம் வாங்குவது எளிதல்ல.

இரண்டாவது பெயர். பிறப்புப் பத்திரத்தில் அன்றைய கிராணி தன் காதில் விழுந்தபடி ரூமியில், அதாவது ஆங்கில எழுத்துகளில், எழுதியது ஒரு விதம். அடையாளக் கார்டில் வேறு விதம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் மூன்றாவது விதம். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து விதமாக இருந்த தாயாரையும் நான் பார்த்திருக்கிறேன். தந்தையின் பெயரும் இப்படித்தான். சிலருக்கு வீட்டில் அழைக்கும் பெயரே பத்திரத்தில் ஏறிவிட்டது. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் ஒன்றுதான் இவர் என் தாய் என்பதற்கு ஆதாரம் என்னும்போது, அதிலுள்ள எழுத்து கடப்பிதழில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், எல்லாப் பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிய பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் உள்ள பத்திரங்கள் அனைத்துக்கும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

நன்னடத்தைச் சான்றிதழ் வெளியுறவு அமைச்சிடம் விண்ணப்பித்துப் பெறுவது. அதில் பெரிய சிரமம் இல்லை.

பதிவு 5 | கோலகங்சார் சாலை

ஐயா, என் தாயாருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. தோட்டத்திலேயே பிறந்தவர், பிறப்பு பதியப்படவில்லை. தங்கை ஆக்லாந்தில் இருக்கிறாள். மேற்சொன்ன எதற்கும் நாங்கள் பொருந்துவோமா?

பதிவு 6 | ஓய்வுபெற்ற கிராணி

நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் இந்நாட்டில் நிரந்தர வசிப்பாளர்தான், குடிமகன் அல்லர். அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. மலேசியக் கடப்பிதழை நம்பி எழுதப்பட்ட எளிய நுழைவு வசதிகள் எதுவும் அவருக்குப் பொருந்தாது. நிரந்தர வசிப்பாளராக இருப்பவர் நெடுங்காலம் வெளியில் தங்கினால் இங்கே திரும்பும் உரிமைக்கே கேள்வி வரக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும். எனவே உங்கள் வீட்டில் முதல் வேலை விசா அன்று, குடியுரிமை. 60 வயதைக் கடந்து, இங்கே பிறந்து, சிவப்புக் கார்டோடு வாழும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க 2018இல் அமைச்சரவை முடிவெடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். தாயார் அந்தச் சமயத்தில் விண்ணப்பித்தாரா, கோப்பு எண் ஏதும் உண்டா என்று தேடிப் பாருங்கள். கோப்பு எண்ணோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் முகப்பில் கிடைக்கும் பதில் வேறு.

பதிவு 7 | உட்லண்ட்ஸ்

சிங்கப்பூரைப் பற்றி நான் எழுதுகிறேன். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குப் பெற்றோரை அழைத்துத் தங்கவைக்கும் வசதி இல்லை. உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலராவது இருந்தால்தான் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்க முடியும். உங்கள் தங்கை நிரந்தரவாசி என்பதால் அவர் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் வழியாக அதே அனுமதியைக் கேட்கலாம். கிடைப்பது அவரது வருமானத்தையும் சூழலையும் பொறுத்தது, உத்தரவாதம் எதுவும் இல்லை.

ஆனால் அனுமதி கிடைத்தபின் வரும் சிக்கல் மருத்துவச் செலவுதான். நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவருக்கு இங்குள்ள அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கான மானியம் கிடையாது. நம் நாட்டில் அரசு மருந்தகத்தில் ஒரு வெள்ளி கொடுத்து, சிறப்பு மருத்துவரிடம் ஐந்து வெள்ளி கொடுத்துப் பழகிய பெற்றோருக்கு, இங்கே ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து வெளியே வரும்போது நீட்டப்படும் கட்டணச்சீட்டு தூக்கத்தைக் கெடுக்கும். என் அம்மா மருந்துக்கு மாதந்தோறும் ஊருக்கே போய்வருகிறார். தங்குவது இங்கே, வைத்தியம் அங்கே என்பது ஜொகூர் பாலத்துக்கு அருகில் இருப்பதால் முடிகிறது, பெர்த்திலிருந்து முடியாது.

பதிவு 8 | டொராண்டோ மருமகள்

தம்பி பிரிட்டனில் இருப்பதால் அதையும் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அந்தக் கதவு 2012 ஜூலையிலேயே ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. வயதான பெற்றோர் குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும் பிறர் உதவியின்றி முடியாத நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்கவில்லை, அல்லது பிள்ளை பணம் அனுப்பினாலும் கட்டுப்படியாகவில்லை என்றும் காட்ட வேண்டும். மலேசியாவில் பணிப்பெண்ணும் உண்டு, முதியோர் இல்லமும் உண்டு. அதையெல்லாம் வைத்துக்கொண்டு கிடைக்கவில்லை என்று எப்படி நிறுவுவது? 2017இல் இந்த விதியை எதிர்த்த வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. மேலும், வேலை விசாவில் இருப்பவர் அதைக் கேட்கவே முடியாது. குடியுரிமையோ நிலையான வசிப்புரிமையோ இருக்க வேண்டும். மலேசியர்கள் அங்கே சுற்றுலாவாக ஆறு மாதம் வரை தங்கலாம், இணையத்தில் முன் அனுமதி மட்டும் பெற வேண்டும். அவ்வளவுதான் பிரிட்டன்.

கனடாவைச் சொல்கிறேன், ஏனென்றால் என் மாமனார் மாமியாரை நாங்கள் அங்கேதான் அழைத்தோம். பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தில், 2020இல் விருப்பம் தெரிவித்துப் பெயர் பதிந்தவர்களிலிருந்தே ஆண்டுக்காண்டு குலுக்கல் முறையில் எடுத்து வந்தார்கள். அப்போது பதியாதவர்களுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. ஆனால் சூப்பர் விசா என்று ஒன்று 2011 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பத்தாண்டு வரை செல்லும். 2022 ஜூலைக்குப் பிறகு ஒரு முறை நுழைந்தால் தொடர்ந்து ஐந்து ஆண்டு தங்கலாம். குலுக்கல் இல்லை, பிள்ளைகளை எண்ணுவதில்லை. பிள்ளைக்கு வரையறுத்த வருமானம் இருக்க வேண்டும். பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 100,000 கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை வாசிக்காமல் கையொப்பமிடக் கூடாது. என் மாமனார் விஷயத்தில் விசாவைவிட அந்த ஒப்பந்தத்தைப் படிப்பதற்குத்தான் அதிக நேரம் செலவானது.

பதிவு 9 | கோலகங்சார் சாலை

நியூசிலாந்தைப் பற்றித் தங்கை சொன்னதை இங்கே பதிகிறேன், மற்றவர்களுக்காவது பயன்படும். 2025 செப்டம்பர் இறுதியில் பெற்றோருக்கான புதிய ஐந்தாண்டு வருகை விசாவை அங்கே தொடங்கியிருக்கிறார்கள். அதை மேலும் ஓர் ஐந்தாண்டுக்குப் பெறலாம். மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கிராணி ஐயா, அம்மாவின் பழைய கோப்பு எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். நன்றி.

பதிவு 10 | மெல்பர்னிலிருந்து திரும்பியவர்

எனக்கு வயது 76. இந்த இழையில் எழுதியவர்களில் விசாவுக்குரிய ஆள் நான் ஒருவன்தான் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். என் மகன் என்னையும் என் மனைவியையும் முறைப்படி அழைத்தான், நன்றாகவே பார்த்துக்கொண்டான். குறை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், அந்தத் தெருவில் நடமாட்டமே இருக்காது. கார் ஓட்டாதவருக்கு அங்கே கால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் சைக்கிளை எடுத்தால் சந்தை, கோயில், சீனன் கடைக் காப்பி, பழைய மேட்டுத் தோட்டத்துக் கூட்டாளிகள் என்று பொழுது போகும். அங்கே கடைக்குப் போகவும் மகன் விடுமுறை எடுக்க வேண்டும். அவன் விடுமுறை எடுப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நல்லது. ஆனால் உங்கள் அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா மகளே? உங்கள் முதல் பதிவில் அண்ணன் சொன்னது இருக்கிறது, தங்கை சொன்னது இருக்கிறது. அப்பா சொன்னது இல்லை.

இன்னொன்று. மகன் அழைத்தான் என்று தாமான் வீட்டை விற்றுவிட்டுப் போன குடும்பங்களை நான் அறிவேன். தற்காலிக விசா முடிந்து திரும்பியபோது அவர்கள் மகள் வீட்டுக் கூடத்தில் படுத்தார்கள். வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கு விடுவதானாலும் குறுகிய ஒப்பந்தத்தில் விடுங்கள்.

பதிவு 11 | பெர்த்வாசி

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எல்லா ஊரும் ஒரே மாதிரி அல்ல. இங்கே கானிங்வேல் வட்டாரத்தில் கோயில் உண்டு, பேருந்து உண்டு, மலேசியத் தமிழர் வீடுகள் பக்கத்திலேயே உண்டு. என் தாயார் இரண்டு ஆண்டுகளாக மகிழ்ச்சியாகவே இருக்கிறார். சிப்புட்டிலும் இப்போது பழைய கூட்டாளிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபின், பாதிப்பேர் கிள்ளானுக்கும் சிரம்பானுக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். ஊரில் விட்டுவைப்பதே நல்லது என்று நாம் முடிவு செய்துவிட்டால், ஊரில் இருக்கும் ஒரே பிள்ளையின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அதற்கு மண்மணம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

பதிவு 12 | மெல்பர்னிலிருந்து திரும்பியவர்

கடைசி வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன். மற்றவற்றை ஏற்கவில்லை.

பதிவு 13 | சிப்புட்டில் தங்கியவள்

எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் கேட்டதால் அப்பாவிடமே கேட்டேன். பேரப்பிள்ளைகளோடு சில காலம் இருந்து வர விருப்பம், அங்கேயே இருந்துவிட விருப்பமில்லை என்றார். அம்மா, அப்பா எங்கே இருக்கிறாரோ அங்கே என்றார். அது பதில்தானா என்று தெரியவில்லை, பிறகு தனியாகக் கேட்கிறேன்.

இன்னொரு செய்தியும் பேச்சில் வந்தது. ஓஹையோவில் உள்ள என் பெரியப்பா மகள் அமெரிக்கக் குடியுரிமை எடுத்துக்கொண்டு தன் பெற்றோரை அழைத்துக்கொண்டாள். அங்கே 21 வயது நிறைந்த குடிமகன் பெற்றோருக்கு விண்ணப்பித்தால் ஆண்டு வரம்பு கிடையாது, பச்சை அட்டை மட்டும் வைத்திருப்பவரால் அது முடியாது. அதைக் கேட்டதும் மெல்பர்ன் தம்பியும் குடியுரிமை எடுத்துவிட்டால் நல்லது என்று வீட்டில் பேசத் தொடங்கிவிட்டார்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 24ஆம் பிரிவின்படி வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி எடுப்பவர் மலேசியக் குடியுரிமையை இழக்க நேரிடும். பெர்த் அண்ணனுக்கு அது முடிந்துபோன கதை. அவர் அப்பாவைப் பார்க்க வரும்போது வருகையாளராகத்தான் முத்திரை குத்துகிறார்கள். நாளை அப்பா படுத்துவிட்டால் ஓராண்டு இங்கே வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள அவருக்குத்தான் அனுமதி வேண்டும். பெற்றோரை அங்கே கொண்டுபோக விசா தேடுகிற நாம், பிள்ளை இங்கே வர விசா தேட வேண்டிய நாள் வரும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாமவர் நிரந்தர வசிப்புரிமையோடு நிற்கட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். 870க்கு அதுவே போதும் என்று இந்த இழையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டரை லட்சம் வெள்ளியைப் பற்றியும் பேசினோம். அந்தப் பணத்தில் இங்கே வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் எத்தனை ஆண்டு ஓடும் என்று தங்கை கணக்குப் போட்டாள். அதன்பின் 143 என்ற பேச்சு எழவில்லை.

என் சந்தேகம் அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றியது. அது விசாவைத் தடுக்குமா?

பதிவு 14 | பெர்த்வாசி

நிரந்தர விசாவில் தடுக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பவரின் நோயால் ஆஸ்திரேலியாவுக்கு ஏற்படக்கூடிய செலவை மதிப்பிட்டு, அது 86,000 டாலரைத் தாண்டினால் மறுப்பார்கள். பெற்றோர் விசாவில் இதற்கு விலக்குக் கேட்கவும் இடமில்லை. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு என்றாகிவிட்டால் அந்த எல்லையைத் தாண்டுவது திண்ணம். அதுமட்டுமன்று, தம்பதியாக விண்ணப்பிக்கும்போது ஒருவர் உடல்நலத்தில் தவறினால் மற்றவரும் மறுக்கப்படுவார்.

தற்காலிக விசாவுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால் அங்கே கணக்கிடுவது தங்கும் காலத்துக்குரிய செலவை. ஆகவே அப்பாவின் நிலை இன்னும் மருந்திலேயே இருக்கும் இப்போதைக்கும், சுத்திகரிப்புத் தொடங்கிய பிறகுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. விசா கிடைத்தாலும், ஆஸ்திரேலியாவோடு மருத்துவ உடன்படிக்கை உள்ள நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை என்பதால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பு கிடையாது, எல்லாம் காப்புறுதியின் தலையில்தான். புதிதாக எடுக்கும் காப்புறுதி ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைக்கும். அந்தக் காலத்தில் சிறுநீரகம் தொடர்பாக மருத்துவமனையில் சேர்த்தால் செலவு உங்கள் அண்ணனுடையது. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் யோசனை இது. முதலில் அவர்கள் மூன்று மாத வருகைக்குப் போய் வரட்டும். மலேசியக் கடப்பிதழுக்கு இடிஏ என்ற மின்னியல் அனுமதி கைப்பேசிச் செயலியிலேயே கிடைக்கும், கட்டணம் 20 டாலர், ஒரு முறைக்கு மூன்று மாதம் தங்கலாம். குளிர்காலமான ஜூலையில் போனால் பெர்த் உண்மையில் எப்படி என்று தெரியும். டிசம்பரில் போனால் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும். பிடித்திருந்தால் 870ஐ மூன்று ஆண்டுக்கு மட்டும் கேளுங்கள், ஐந்து ஆண்டுக்குப் பணம் கட்டி முடக்க வேண்டாம்.

பதிவு 15 | ஏழில் ஒருவன்

மூன்று ஆண்டு முடிந்து மறுபடியும் 870 வேண்டுமானால், இடையில் குறைந்தது 90 நாள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள் அக்கா. பெரியவர் வீட்டை விற்காதீர்கள் என்றதற்கு அந்த 90 நாளே போதுமான காரணம்.

பதிவு 16 | ஓய்வுபெற்ற கிராணி

மகளே, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். திருமணப் பதிவை முதலில் முடியுங்கள். பெற்றோர் இருவரின் அடையாளக் கார்டு, பிள்ளைகள் ஐவரின் பிறப்புப் பத்திரங்கள், கோயில் திருமணப் படம் இருந்தால் அதுவும், திருமணத்தை நேரில் கண்ட சாட்சிகள் யாரேனும் இருந்தால் அவர்களையும் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் உங்கள் பெயரில் அதிகாரப் பத்திரம் ஒன்றை வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள்; அவர்கள் வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டு வரிக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் கையொப்பம் தேடி அலையக் கூடாது. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஓய்வூதியம் ஏதும் வந்துகொண்டிருந்தால் அவர்கள் வெளியூரில் இருக்கப்போவதை அந்த அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அப்பாவின் மருத்துவமனைக் கோப்பின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். புறப்படும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

பதிவு 17 | சிப்புட்டில் தங்கியவள்

ஐயா, திருமணப் படம் இருக்கிறது. சாட்சிக்கு அம்மாவின் அக்கா ஈப்போ புந்தோங்கில் இருக்கிறார், நன்றாக நடமாடுகிறார். பள்ளி விடுமுறையில் மூவரையும் பதிவு இலாகாவுக்கு அழைத்துச் செல்கிறேன். 870க்கு ஆதரவாளர் விண்ணப்பத்தைப் பெர்த் அண்ணன் இப்போதே தொடங்க வேண்டாம், ஜூலை வருகை முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். பயணக் காப்புறுதியில் நீரிழிவைச் சேர்த்து எழுதிக்கொடுக்கும் நிறுவனம் யாருக்காவது தெரிந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.